அப்பாவின் காதுமெஷின்

எங்கள் அப்பாவோடு பேசி முடிப்பதற்குள் தொண்டைத்தண்ணீர் வற்றிவிடும். தோட்டத்து ரப்பர் ஆலையில், இரைகிற மெஷின்களுக்கு நடுவே இருபது வருஷம் நின்றவர். காது முக்கால்வாசி போயிருந்தது. ஒத்துக்கொண்டால்தானே? நாங்கள்தான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறோமாம்.

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, அம்மா ஒரு மாதம் மல்லுக்கட்டி அவரை ஈப்போ டவுனுக்கு இழுத்துப்போய்க் காதுமெஷின் வாங்கிவந்தாள். இப்போதுபோல் காதுக்குள் ஒளிகிற சாமானில்லை. சட்டைப்பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஏறும் வயர். முதல் நாள் அம்மா தாளிக்கிற சத்தம் கேட்டுச் சிரித்தார். நான் மெதுவாகச் சொன்ன பள்ளிக்கூடக் கதைக்கெல்லாம் பதில் சொன்னார். அப்பாடா, விட்டது தொல்லை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மெஷினோடு என்னையும் கூட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனார். அன்று எங்கள் மாநிலமான பேராக்கின் அணிக்குப் பந்தாட்டம். வயரைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர் ஆவலாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ரேடியோ புதுசா? பேராக் எத்தன கோல் லா?"

காது கேட்காது, இது அதற்கான மெஷின் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுஷன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு. நம்ம ஆளுங்கதான் முன்னுக்கு" என்றார்.

கடையே கூடிவிட்டது. அப்பா அரைமணி நேரம் அளந்துவிட்டார். நான் வாயைத் திறந்துவிடக் கூடாதென்று மேசைக்கடியில் என் கையை வேறு இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு நிஜ ரேடியோவோடு ஒருவர் வந்தார். பேராக் மூன்று கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் தோற்றிருந்தது. அப்பாவின் ரேடியோ எந்த நாட்டு ரேடியோ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அன்றோடு காதுமெஷின் மைலோ டின்னுக்குள் போய்விட்டது. அம்மா அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். மறுபடி நான்தான் அவருக்குக் காது. யாராவது சிரித்தால் உடனே என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றாங்க?" என்பார். மூன்று தரம் கத்த வேண்டும். எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள், "ஒன்னும் இல்லப்பா" என்றேன். ஆகா, எவ்வளவு சுலபம்! அப்புறம் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

கொஞ்சநாளில் அப்பா கேட்பதையே விட்டார். காப்பிக்கடையையும் விட்டார். வீட்டில் நாங்கள் பேசிச் சிரிக்கும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அறுபத்தைந்து வயதில் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. டாக்டர் முதலில் கேட்டது காதைப் பற்றித்தான். கேட்காத காதை அப்படியே விட்டுவிட்டால், பேச்சுத்துணை குறைந்து மூளையும் தளரக்கூடும். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதுவும் ஒன்று என்றார். பக்கத்தில் அப்பா என்னை யாரோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில், அப்பா என்னிடம் கேட்பதை நிறுத்தியதும், ஒருவழியாக மனுஷனுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகப் பாடம் படித்தேன். மடச்சி.