'எல்லாம் சரி' என்றொரு பொத்தான்

கனடாவில், மிசிசாகாவில் ஒரு காப்புறுதி ஒஃபிஸில் எனக்கு வேலை. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று காவல் காப்பதுதான் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிப் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியாகப் படித்து, இது இவருக்குத் தேவையா என்று பார்த்து ஒப்பமிட வேண்டும். அடியில் 'எல்லாம் சரி' என்று ஒரு பொத்தானும் இருக்கும். எந்தச் சோம்பேறி வைத்தானோ!

எங்கள் மனேஜரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்களே, எங்கள் பிரிவின் கணினி மேதை அவர். செயற்கை நுண்ணறிவு உதவியாளன் ஒன்று வந்த கிழமையிலிருந்து மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதற்கு நான் மூன்று கோப்புறைகளை மட்டும் திறந்துவிட்டேன். அது அவருக்குக் காணாது.

"உது என்ன மனுசரே, ஊர்வம்பு கதைக்கிறதுக்கு? என்ர அனுமதி முழுவதையும் அதுக்குக் குடும்" என்றார்.

மாட்டேன் என்றேன். எனக்குத் தெரியாமல் தானே கொடுத்துவிட்டார். அவருக்கு எங்கள் எல்லோருடைய விடுப்புக் கோப்புகளும் திறக்கும். இனி அதற்கும் திறக்கும்.

அந்தக் கோப்புகளில் ஒன்று, எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் பெண்ணுடையது. ஸ்காபரோவில் நாங்கள் போகும் அதே கோயிலுக்குத்தான் அவளும் தாயும் வருவார்கள். அவளுக்கு மார்பில் புற்றுநோய். தகப்பனும் புற்றுநோயில் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிகிச்சை முடிந்த பிறகுதான் தாய்க்குச் சொல்வேன் என்றிருந்தாள். விடுப்புப் படிவத்தை யார் பார்ப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். இரண்டே பேர், நான்தானே காவல், பயப்படாமல் எழுதும் என்றேன். பெரிய காவல்காரன்!

அடுத்த பட்டியல் வந்த பின்னேரம் பனி கொட்டியது. 401 நெடுஞ்சாலை அடைபட்டால் மில்லிக்கனில் வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். மனேஜரின் திருவிளையாடல் ஒரு வரியாக உள்ளே கிடந்திருக்கிறது. நான் பொத்தானை அமத்திவிட்டுக் காருக்கு ஓடினேன்.

மறுகிழமை மீற்றிங்கில் மனேஜர் தன் செல்லப்பிள்ளையைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட எந்த நாள் வசதி என்று கேட்டார். அது நல்ல மரியாதையாக, வியாழன் சரிவராது, இன்னாருக்கு வியாழக்கிழமைகளில் கீமோ, இன்னும் நான்கு மிச்சம் என்று பெயரோடு எழுதியது. அவர் மடிக்கணினியின் மூடியைச் சாத்துவதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் கோயில் ஆட்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு அன்ரி அந்தத் தாயின் கைகளைப் பிடித்து அழுதாராம். எதற்கு அழுகிறார் என்று அந்த மனுசிக்கு விளங்கவேயில்லையாம்.

விசாரணை வந்தபோது, இயந்திரம் பிழைவிட்டது என்று மனேஜர் எழுதிக் கொடுத்தார். தூ! இயந்திரம் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. அனுமதி கொடுத்தவர் அவர் என்று பதிவில் கிடந்தது. அதற்குக் கீழே, சரிபார்த்தவர் என்று என் பெயர்.

"பாரும், நீரும்தானே ஒப்பம் வைச்சிருக்கிறீர்" என்றார். அந்த வாயிலிருந்து நான் கேட்ட ஒரேயொரு உண்மை அதுதான்.

அன்றைக்கு அவள் குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணை, நான் முதுகுநோ எண்டுதான் எழுத இருந்தனான். உங்களைக் கேட்டிட்டுத்தான் உண்மையை எழுதினனான்."