மன்னி சொன்னதும் நான் எழுதியதும்

கும்பகோணத்திலிருந்து தபால் அட்டை வந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்னி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துத் தூணோரம் வந்து உட்காருவாள். நான் மைக்கூட்டைத் திறப்பேன். என் அண்ணாவின் மனைவி அவள். பதினாலு வயதில் எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணா வக்கீல் குமாஸ்தா. பகலெல்லாம் எழுதிவிட்டு வருகிறவன், வீட்டில் பேனாவைத் தொடமாட்டான். அதனால் மன்னி சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலையாயிற்று. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பத்மநாபசுவாமி தரிசனத்துக்கென்றும் பெரிய ஆஸ்பத்திரிக்கென்றும் கும்பகோணம் பக்கத்து உறவினர் யாராவது புறப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும் மன்னியைக் கேட்டுத்தான் புறப்படுவார்கள். அவள் எதையும் மறைக்கமாட்டாள். "செங்கோட்டை தாண்டி ரயில் குகைக்குள்ளே போறச்சே ஜன்னலைச் சாத்திக்கோங்கோ, கண்ணிலே கரி விழும். தேங்காயெண்ணெய்ச் சமையல் ரெண்டு நாள் வயத்தைப் படுத்தும், கையோட நல்லெண்ணெய் கொண்டு வாங்கோ. சங்குமுகத்திலே கரையோட நில்லுங்கோ, இறங்காதேங்கோ, அலை இழுத்துடும். வெள்ளம் வேணுமான்னு யாராவது கேட்டா பயந்துடாதேங்கோ, குடிக்கத் தண்ணி வேணுமான்னு அர்த்தம்." கொசுவையும் யானைக்காலையும்கூட விடமாட்டாள். என் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "நம்ம ஊரைப் பத்தி இப்படியா எழுதறது? கேக்கறவா என்ன நெனச்சுப்பா கேட்டியா?" என்பாள். மன்னி குரலை உயர்த்தாமல், "வந்து கஷ்டப்படறதுக்குத் தெரிஞ்சுண்டே வரட்டுமேம்மா" என்பாள். இந்த ஊரை அவள் வெறுத்தாள் என்று நினைக்க வேண்டாம். இதன் கீரை வகைகளை, கோயில் உற்சவத்தை, மழை விட்ட மறுநாள் வானத்தை அவளைப் போல ரசித்தவர்களை நான் பார்த்ததில்லை. அதையும் எழுதச் சொல்வாள். இரண்டையும் சொன்னதால்தான் அவள் வார்த்தைக்கு அங்கே அத்தனை மதிப்பு.

பிறந்தகம் போயிருந்த மன்னியை அழைத்துவர ஒருமுறை நான் கும்பகோணம் போனேன். போய் இறங்கிய களைப்பில் கூடத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். சொம்போடு வந்து நின்ற மன்னியின் தங்கை, "காவேரியிலேதான் இருக்கு, இன்னும் ஊருக்குள்ளே வரலே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சுக்குத் தவித்தாள். அவள் அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். சிறு வயதிலிருந்தே நெஞ்சில் இழுப்பாம். அதனால் வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய்ப் பதினேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பார்த்தும், ஊர் திரும்பிய பிறகு எனக்கு அவள் சிரிப்பு மட்டுந்தான் நினைவில் இருந்தது. அவளையே எனக்குப் பெண் கேட்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு மாதத்தில் மன்னியின் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பையனைப் பற்றிக் கவலை இல்லை, அந்த ஊர் இவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும், உன் வார்த்தைப்படி செய்கிறேன் என்று எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன். மன்னி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "தப்பா நெனச்சுக்காதே அம்பி, அவ உசிர் சமாச்சாரம்" என்றாள். எழுதச் சொன்னாள். "இந்த ஊர் அவளுக்கு ஒத்துக்காது. வைகாசி கடைசியிலே பிடிச்ச மழை ஆவணி வரைக்கும் விடாது. ஐப்பசியிலே மறுபடியும் வரும். கட்டின புடவை காயாது, சுவரெல்லாம் பூஞ்சணம். எனக்கே சில நாள் நெஞ்சைக் கட்டறது. அம்பி தங்கமான பிள்ளை, அவன்பேர்லே ஒரு குத்தமும் இல்லே. ஆனா அவளை இங்கே அனுப்பாதேங்கோ அப்பா."

நான் எழுதினேன். 'இந்த ஊர் அவளுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று இங்கே வைத்தியர்கள் சொல்கிறார்கள். மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.' முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்வது மன்னியின் வழக்கம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்தேன்.

பதிலாக முகூர்த்த நாள் குறித்து வந்தது. "அத்தனை சொல்லியுமா?" என்றாள் மன்னி. அப்பா யோசித்துத்தான் முடிவு செய்திருப்பார் என்றேன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். மலைப்பாதை ரயிலில் அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. கல்யாணத்துக்கு அவள் வராததால் அப்பாவும் பெண்ணும் நேரில் பேசிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து குதிரைவண்டியில் வந்து இறங்கிய தங்கையைக் கட்டிக்கொண்டு மன்னி அழுதாள். வந்துவிட்டவளிடம் வராதே என்று எழுதினேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் மழைக்காலத்தை எப்படியோ தாண்டினோம். "உங்க ஊர்லே எல்லாமே வெள்ளந்தான்" என்று என் மனைவி கேலி செய்வாள். மன்னி குமுட்டி அடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, தங்கையின் புடவையை முழம் முழமாக உலர்த்துவாள். இரண்டாவது மழையில் என் மனைவியால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே, "வெயில் எப்போ வரும்?" என்று என்னைக் கேட்பாள். வரும் என்பேன். ஆடி மாதம் ஒரு காலையில், மன்னி கஷாயத்தை ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

மலையில் மண் சரிந்து ரயில் நின்றதால் அவள் அப்பா நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தார். நனைந்த வேட்டியோடு முற்றத்திலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மன்னியைப் பார்த்து, "நன்னா ஒத்துக்கும்னு எழுதினியேடி. உன் வார்த்தையை நம்பித்தானே அனுப்பினேன்" என்றார்.

மன்னி அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூடத்துத் தூணருகே நின்றிருந்தேன். இரண்டு அடி முன்னால் வந்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். தூணை விட்டு நகரவில்லை.

"தப்புதான் அப்பா" என்றாள் மன்னி.

ஏன் அப்படிச் சொன்னாள்? தான் வாழ வேண்டிய வீடு என்பதாலா, மனைவியை எரித்துவிட்டு வந்து நிற்பவனை அந்த நேரத்தில் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா, எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தபால் அட்டைகள் நின்றன. அந்தப் பக்கத்து உறவினர் வந்தால் யாரையும் கேட்காமல் வந்து, வேறெங்கோ தங்கி, தரிசனம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரைக் கோயில் வாசலில் பார்த்தேன். வீட்டுக்குக் கூப்பிட்டேன். "கூடப் பிறந்தவளையே பொய் சொல்லி வரவழைச்சவளாச்சே" என்றார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து எனக்கு நாகர்கோவில் பெண்ணோடு மறுபடியும் கல்யாணம் நடந்தது. அதற்கும் மன்னிதான் ஆரத்தி எடுத்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒருநாள், அவள் அப்பா காலமாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவள் தம்பி எழுதியிருந்தான். அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தீட்டுக் கழிந்த மறுநாள் காலை, மன்னி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மன்னி, அன்னிக்கு அந்த லெட்டரை நான்தான் மாத்தி எழுதினேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள். ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "எங்கப்பா இருக்கறச்சே சொல்லியிருக்கணும் அம்பி" என்றாள்.

"இப்பவே உங்க தம்பிக்கு எல்லாத்தையும் எழுதிடறேன்."

"வேண்டாம்." அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "இனிமே எனக்காக நீ ஒண்ணும் எழுத வேண்டாம்."

முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சற்று நேரத்தில் எனக்கு இலை போட்டாள். சாப்பிட்டுவிட்டு நான் கச்சேரிக்குப் புறப்பட்டேன்.