சீர் ஸ்கூட்டரில் இரண்டு கீறல்

என் தங்கைக்கு அம்மை வார்த்துப் பிழைத்த பிறகு முகம் முழுக்கத் தழும்பு. அதற்கு ஈடாகத்தான் மாப்பிள்ளை வீட்டார் சீரில் ஸ்கூட்டர் கேட்டார்கள். அவர்கள் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. அனந்தபுரத்துத் தரகன்தான், "பொண்ணு மூஞ்சி அப்படி இருக்குது, வண்டியாவது நல்லா இருக்க வேணாவா?" என்று பல்லைக் காட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைச் செருப்பால் அடித்திருப்பேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறுபதுகளில் புது ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். அதனால் திண்டிவனத்தில் ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்கினோம்; எங்கள் காசுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். என்ஜின் நன்றாக இருந்தது. முன்தகட்டில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கீறல், இரும்பு தெரிய. பழசானாலும் பரவாயில்லை, கீறல் மட்டும் கூடாது என்று மாப்பிள்ளையின் அப்பா முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறார்கள். அது தேறினால்தான் கல்யாணம்.

வண்டியைப் பின்கட்டில் நிறுத்தி நானே உட்கார்ந்தேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பள்ளத்தில் மக்குப் பசை அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்தேன். பெயிண்ட்தான் உயிரை வாங்கியது. வண்டியின் வெளிர்நீலம் எங்கள் செஞ்சியில் எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளையில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்தேன். கோட்டைப் பக்கமிருந்து வந்த அனல்காற்று ஈரப் பெயிண்டில் தூசியை அப்பிவிட்டுப் போனது. சனியன் பிடித்த காற்று! துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வியாழக்கிழமை சாயந்தரம்தான் கடைசிப் பூச்சு முடிந்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் போயிருக்காது. "நாளைக்கு அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் ஒருத்தரும் கை வெக்காதீங்க" என்று வீடு அதிரச் சொன்னேன்.

தங்கை குனிந்து பார்த்தாள். "கீறல் எங்க இருந்துதுன்னே தெர்லண்ணா" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை அவர்களை அழைத்துவர நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முன்தகட்டில், சரியாக நான் பூசிய இடத்தில், குழைத்த சந்தனமும் அதன்மேல் மேல்மலையனூர் குங்குமமும்.

"ஐயோ, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க!" என்று, கூட வந்தவர்களுக்குக் கேட்காமல் அவள் காதோரம் பல்லைக் கடித்தேன்.

"பொட்டு வெக்காத வண்டியவாடா காட்றது?" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். காய்ந்திருந்த சந்தனத்தைத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்தார். பெயிண்ட் தோலாக உரிந்து துண்டோடு வந்தது. அடியில் மக்கு தெரிந்தது.

"பொண்ணு மூஞ்சியிலயும் இப்படித்தான் பூசி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

உள்ளே பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த தங்கைக்கு அது கேட்டது. அவர்கள் காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள். நைனா செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடினார். நான் போகவில்லை, போயிருந்தால் அடிதடியாகியிருக்கும். தங்கை கிணற்றடிக்குப் போய் முகத்தை அலம்பிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெயில் ஏறிய பிறகு நைனா திரும்பி வந்தார். கால் கொப்பளித்திருந்தது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

"கையக் காலப் புடிச்சு நிறுத்தினேன். திண்டிவனத்துப் பட்டறையில முழுசா பெயிண்ட் அடிச்சே குடுத்துடறேன்னேன். ஒத்துக்கினாங்க" என்றார்.

தங்கை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"யார நைனா ஒத்துக்கினாங்க? என்னையா, வண்டியையா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.