கறுப்பில் தைத்த இறகுகள்

லிபெர்த்தா வீதியில் நான் வீட்டோடு பராமரித்த சிஞ்ஞோராவுக்கு, அந்த வயதான இத்தாலிய அம்மாவுக்கு, கண் தெரியாது. அவருடைய கட்டிலில் எப்போதும் ஒரு கனத்த போர்வை இருக்கும். அமெரிக்காவில் ஆமிஷ் கிறிஸ்தவப் பெண்கள் கையால் தைத்தது. அங்கே வாழ்ந்து இறந்த தங்கை அனுப்பியது. ஒஹாயோவில் என்றால் பருத்தியில் சின்னத் துண்டுகளாகப் பொருத்துவார்கள், இது லங்காஸ்டர்ப் பக்கத்துத் தையல், கம்பளியில் ஒரே பெரிய சாய்சதுரம் என்று சிஞ்ஞோரா பெருமையாகச் சொல்வார். என் கண்ணுக்கு அது வெறும் கறுப்பும் ஊதாவும்தான்.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சும் போனது. என்னோடு முறை மாறி வேலைசெய்த மன்னார்ப் பெண், "அக்கா, இது செத்தவீட்டு நிறமெல்லோ, எடுங்கோவன்" என்றாள்.

"ஓம், கண் தெரியாத மனுசிக்கு எதைப் போத்தினா என்ன?" என்றேன். வியா மக்வேதா கடைத்தெருவில் பூப்போட்ட போர்வை வாங்கிப் போர்த்தி, பழையதை அலமாரியில் வைத்தேன்.

அன்றிலிருந்து அவருடைய விரல்கள் புதுப் போர்வையின் வழுவழுப்பின்மேல் வட்டமிட்டு அலைந்தன. சாகக் கிடப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.

அடக்கம் முடிந்தபின் பழையதை எடுத்து மடித்தேன். உள்ளங்கையில் ஏதோ தட்டுப்பட்டது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால், வட்டம் வட்டமாக இறகுகள். கண்ணுக்குத் தெரியாத தையல், விரலுக்குத்தான் தெரிந்தது.

எத்தனை தடவை அந்தக் கையை உள்ளே வைத்தேன்?