ஸ்டெல்லா மிஸ் மேல் எனக்கிருந்த சந்தேகங்கள்

ஸ்டெல்லா இறந்துவிட்டாளாம்.

காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நான் நம்பவில்லை... உயிரோடு இருக்கிற நடிகர்களுக்கெல்லாம் அஞ்சலி போட்ட குரூப் அது. அவள் நம்பருக்கே போன் போட்டேன். தங்கை எடுத்து அழுதாள்.

அப்போதும் நம்பாமல் அவள் ஊரான கோலார் தங்கவயலுக்கு, கே.ஜி.எஃப்-புக்கு, ரயில் ஏறினேன். பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூர் தொம்மலூரில் ஒரு ஃபோனிக்ஸ் சென்டரில் நானும் ஸ்டெல்லாவும் மிஸ்கள். எழுத்துகளின் சத்தத்தைச் சொல்லிக்கொடுத்துச் சின்னப் பிள்ளைகளை இங்கிலீஷ் வாசிக்க வைக்கிற வேலை. ஆளுக்கு ஒரு பேட்ச்.

வந்த புதிதிலேயே அவள் சர்டிபிகேட் மேல் எனக்கு டவுட். ‘கிட்’ கடைசியில் ஒரு ‘இ’ எழுத்தைச் சேர்த்தால் ‘கைட்’ என்று வாசிக்க வேண்டும். லாங் வவல் பாடம். இவள் பேட்ச் முழுக்க ‘கீட்... கீட்...’ என்று கத்திக்கொண்டிருந்தது. குறிலை நீட்டினால் நெடில் என்று தமிழ் கிளாஸில் படித்ததை அப்படியே இறக்கிவிட்டிருக்கிறாள்!

கேட்டால் சிரிப்பு. "லாங்னா நீட்டணும்ல வசந்தி? இவனுங்க இன்னாத்துக்கு வேற சத்தம் சொல்றானுங்க?"

மறுநாளே சரிசெய்துவிட்டாள். என் டவுட் மட்டும் போகவில்லை.

அப்புறம் ஒரு எலாஸ்டிக் கொண்டுவந்தாள். பாவாடைக்குக் கோர்ப்போமே, அது. அவள் இழுக்க இழுக்கப் பிள்ளைகள் சத்தத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ‘ரெ...ஏஏஏ...யின்’. ‘போ...ஓஓஓ...ட்’. முதலில் அவளும் கூடவே சொல்லுவாள். போகப் போக வாயே திறப்பதில்லை, இழுப்பதோடு சரி. சம்பளம் இவளுக்கு, தொண்டை மட்டும் பிள்ளைகளுடையதா?

சென்டர் ரெண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் நிற்பாள். வேறு சென்டரோடு பேசி வைக்கிறாள் என்று நினைத்தேன்.

"யாரு போன்ல?"

"யாருமில்லடீ. சும்னே நிக்கிறேன். நீ போ."

யாருமே இல்லாமல் கையில் எதற்கு போன்?

அந்தச் சமயத்தில்தான் ஓனர் மேடம் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த டெர்மிலிருந்து ஒரே பேட்ச், ஒரே மிஸ். ரெண்டு பேர் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துப் பார்த்து முடிவு செய்வாராம். என் வீட்டுக்காரருக்கு பொம்மசந்திராவில் வேலை போயிருந்த நேரம் அது. என் வேலையும் போனால் வீடு ஓடாது.

அந்த வாரத்திலிருந்து ஸ்டெல்லாவின் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் பேட்சுக்கு வர ஆரம்பித்தார்கள். அதுவும் தடுமாறுகிறவர்களாகப் பார்த்து! ‘ரெயின்’ என்று எழுதியிருப்பதை, படத்திலிருக்கிற குடையைப் பார்த்து ‘அம்ப்ரெல்லா’ என்று வாசிக்கிற ரகம். என்னைக் கவிழ்க்கத்தான் இந்த வேலை... வேறென்ன?

நேராகவே கேட்டேன். "உன் பசங்கள ஏன்டீ என் தலையில கட்டற?"

"நீ பாத்துக்கோ வசந்தி. ப்ளீஸ்."

ப்ளீஸ் சொல்கிற ஆளே இல்லை அவள். சந்தேகம் இன்னும் கூடியது.

மேடம் டெஸ்ட் வைப்பதற்கு முன்னால் அவளே வேலையை விட்டுவிட்டாள். எந்த சென்டரில் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. அதையும் நடிப்பு என்றுதான்...

இன்று தங்கை சொன்னாள். "அக்காவுக்கு நுரையீரல் போச்சுங்க. ரொம்ப நாளாவே. படி ஏறுனா மூச்சு வாங்கும், யாரும் பாக்கக்கூடாதுன்னு போன நோண்டற மாதிரி நிக்கும். நீட்டிப் பேசவே முடியாது."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு அவளுக்கு?" என்று கத்திவிட்டேன். சாவு வீட்டில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தங்கை அழுகையோடு சிரித்தாள். "உங்ககிட்ட சொன்னா ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டுன்னு கேப்பீங்களாம்."

கேட்டிருப்பேன்.

"தடுமாறுற பசங்கள முன்னாடியே உங்ககிட்ட அனுப்பிட்டேன்னு சொல்லிச்சு. அதுங்க எழுத்தப் படிக்காம படத்தப் பாத்து அடிச்சுவுடுமாம். வேற மிஸ்ஸுங்கன்னா ‘குட்’ன்னு சொல்லி விட்டுடுவாங்களாம். வசந்தி நம்பமாட்டா, கையால படத்த மூடிட்டு இன்னொரு தபா படின்னுவா, அதுங்களுக்கு அவதான் சரின்னு..."

அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

என் ஃபிளாஷ் கார்டு கட்டு ஒன்று காணாமல் போனது. அதை எடுத்தது நீதான் ஸ்டெல்லா. அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. பரவாயில்லை, வைத்துக்கொள்.

நாளைக்கு மதியம் உன் பசங்களுக்குக் கிளாஸ் இருக்கிறது. ஒருத்தரையும் நம்பமாட்டேன்.

போய் வா.