பாப்பா ஊற்றாத தண்ணீர்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தங்கையின் கணவர் கிண்டலாக வைத்த ‘பருந்தார்’ என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அவர் வேலை பார்த்த கம்பெனியின் முத்திரை பருந்து. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. அதற்குப் பரம எதிரியாக இன்னொரு கம்பெனி இருந்தது. அதன் முத்திரை அலை. அலைப் பெட்டி இருக்கிற வீட்டில் பருந்தார் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டார் என்று தங்கையின் கணவர் சொல்வார். அது கொஞ்சம் மிகை. குடிப்பார், ஆனால் குடித்துக்கொண்டே அந்தப் பெட்டியின் குறைகளை அடுக்குவார்.

இந்தப் பக்திக்குக் கம்பெனி அவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வருடத்துக்கு இரண்டு டி-ஷர்ட், பருந்து போட்ட ஒரு சாவிக்கொத்து, சர்வீஸ் சென்டர் கவுன்டரில் சக்கரம் உடைந்த ஒரு நாற்காலி. அவ்வளவுதான். ஆனாலும் அலைக் கம்பெனி புதுப் பெட்டி வெளியிட்ட நாளில் மனிதர் லீவு போட்டுவிட்டு, அவர்களுடைய கடைக்கு எதிர் பிளாட்பாரத்தில் நின்று வரிசையை எண்ணினார். “நாப்பத்தாறே பேரு. அதுல பாதி சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். “அந்தப் பாதியில நீங்களும் ஒருத்தரு” என்றாள் அவர் மனைவி.

சர்வீஸ் சென்டருக்குப் பக்கத்து டீக்கடைக்கு அலைக் கம்பெனியின் கவுன்டர்காரர் ஒருவரும் வருவார். இவரைப் போலவே லேசான தொப்பை, இவரைப் போலவே கழுத்தில் தொங்கும் அட்டை. பத்து நிமிட இடைவேளையில் யாருடைய பெட்டி சூடாகாது என்று இருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். தத்தம் முதலாளியை இருவருமே போட்டோவில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

கவுன்டரில் பருந்தாரின் வேலை இதுதான். கெட்டுப்போன பெட்டியைக் கொண்டுவருவார்கள். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே ஓர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். நகத்தளவுதான் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். வெள்ளையாகவே இருந்தால் வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். சிவந்திருந்தால் படிவத்தில் ‘திரவச் சேதம், வாடிக்கையாளர் தவறு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தண்ணீரே படவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, கவுன்டர் கண்ணாடியைக் குத்தியவர்கள் உண்டு. எல்லாருக்கும் அவர் பதில் ஒன்றுதான். “ஸ்டிக்கர் பொய் சொல்லாது சார்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால் எதிரில் நிற்பவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கையின் ஒரே மகளை வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினொரு வயது நிறைகிற பிறந்தநாளுக்கு அவள் கேட்டது அலைப் பெட்டி. வகுப்பில் அவளுடைய மூன்று தோழிகளிடமும் அதுதான் இருந்தது. அலை வைத்திருப்பவர்கள் அலை வைத்திருப்பவர்களோடு மட்டும்தான் சேர்ந்து விளையாட முடியும். இரண்டு கம்பெனிகளும் அப்படித்தான் வேலி போட்டு வைத்திருந்தன. பாப்பா இதை மாமாவிடம் பொறுமையாக விளக்கினாள். மாமா காதில் அது ஏறவில்லை. “மாமா இருக்கிற கம்பெனிய விட்டுட்டு அடுத்தவன் பெட்டியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றார். நாலு பேருக்கும் அவரவர் பிழைப்பு இருந்தது, இதைப் பேச யாருக்கும் நேரமில்லை. ஆனாலும் புதுப் பருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து, தானே டிவியில் மாட்டிக் கொடுத்தார்.

“தேங்க்ஸ் மாமா” என்றாள் பாப்பா. சின்னப் பெண்ணானாலும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதவள். சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து கார் ஓட்டினாள், கோட்டை கட்டினாள். தோழிகள் மறுநாள் வகுப்பில் தாங்கள் சேர்ந்து ஜெயித்த கதையைப் பேசும்போது இவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தங்கை ஒருமுறை அண்ணனிடம் சொன்னாள். “கொஞ்ச நாள்ல அவளுங்களே இதுக்கு மாறிடுவாளுங்க, பாரு” என்றார் பருந்தார்.

எட்டாம் மாதம் பெட்டி உயிரை விட்டது. தங்கை அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, பள்ளி விட்ட கையோடு பாப்பாவையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு வந்தாள். வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். “சொந்தத் தங்கச்சியா இருந்தாலும் வரிசைதான்” என்று பருந்தார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, அவர்களையும் நிற்கவைத்தார்.

முறை வந்தது. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே விசிறி மேலும் சர்க்யூட் பலகை மேலும் மெல்லிய தூசி, காய்ந்து, கலையாமல், ஒரே சீராகப் படிந்திருந்தது. தண்ணீர் போன பெட்டியில் தூசி அப்படி இருக்காது. கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கும். பதினான்கு வருடமாகப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவருக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு கணம் கை நின்றது. பிறகு டார்ச்சை ஸ்டிக்கர் பக்கம் திருப்பினார். சிவந்திருந்தது.

“பாப்பா, தண்ணி ஊத்தினியா?”

“இல்ல மாமா.”

“ஜூஸு, டீ, ஏதாவது கொட்டிச்சா?”

“எதுவும் இல்ல மாமா. நான் பக்கத்துலகூட எதையும் வெக்க மாட்டேன்.”

“ஸ்டிக்கர் பொய் சொல்லாதும்மா.”

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அந்த இடத்தில் பருந்தார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதும். தன் கம்பெனிப் பெட்டி எட்டே மாதத்தில் தானாகக் கெட்டுப்போனது என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் அவர் சொன்னார்: “அலைப் பெட்டிதான் வேணும்னு அன்னைக்கே கேட்டா இல்ல? இது கெட்டாத்தானே அது வரும்.”

தங்கை மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். பருந்தார் கட்டத்தில் டிக் போட்டார்.

வீட்டில் யாரும் பாப்பாவை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். “ஊத்தினதுகூடத் தப்பில்ல, பொய் சொல்றதுதான் தப்பு. உண்மையச் சொல்லு, பேசுறேன்” என்பது நிபந்தனை. முதல் நாள் பாப்பா இல்லை என்றாள். இரண்டாம் நாளும் இல்லை என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “ஆமா, ஊத்தினேன்” என்றாள்.

போனில் மாமாவிடமும் சொல்லவைத்தார்கள். “உண்மைய ஒத்துக்கிட்ட பாரு, அது போதும் எனக்கு” என்று அவர் பெரிய மனது பண்ணி மன்னித்தார். அன்றைக்குக் கவுன்டரில் சண்டை போட்ட இரண்டு பேருக்கு இந்தக் கதையை உதாரணமாகவும் எடுத்துவிட்டார். சொந்தத் தங்கை மகளுக்கே டிக் போட்டவன் நான் என்று சொல்வதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அப்புறம் அது குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது. யார் புதுப் போன் வாங்கினாலும், “பாப்பா கண்ணுல காட்டாதீங்க, குளிப்பாட்டிடுவா” என்பார் பருந்தார். எல்லாரும் சிரிப்பார்கள். பாப்பாவும் சிரிப்பாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பெட்டியையும் கேட்கவில்லை, அலையும் வேண்டாம், பருந்தும் வேண்டாம். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமையகத்திலிருந்து கவுன்டர் ஊழியர்களுக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. எங்கோ வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள். குறிப்பிட்ட எண்களுக்குள் வரும் பெட்டிகளில், பெட்டியின் சொந்தச் சூட்டிலும் காற்றில் இருக்கிற ஈரத்திலுமே ஸ்டிக்கர் சிவந்துவிடும். அதற்குத் தண்ணீரே பட வேண்டாம். இது கம்பெனிக்குத் தெரிந்து பத்து வருடம் ஆகிறதாம். மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, “நாமளா வாயத் தொறந்து சொல்ல வேணாம். வந்து கேட்டா மட்டும் படிவத்தக் குடுங்க” என்றார்.

பருந்தார் பழைய பதிவுகளைத் திறந்து தங்கையின் பெயரைத் தேடினார். பாப்பாவின் பெட்டி எண் அந்தப் பட்டியலுக்கு நட்டநடுவில் இருந்தது. பக்கத்திலேயே அவர் போட்ட டிக். அந்தக் காய்ந்த தூசி கண் முன்னால் வந்து நின்றது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. கம்பெனியை அவர் கண்ணால் பார்த்ததில்லை; பாப்பாவை அவர் தூக்கி வளர்த்தவர். தூக்கி வளர்த்த பிள்ளை இல்லை மாமா என்று சொன்னதை ஒதுக்கிவிட்டு, முகம் தெரியாதவன் ஒட்டி அனுப்பிய நகத்தளவு காகிதத்தை நம்பினோமே என்ற நினைப்புதான் நிலைத்தது.

டீக்கடையில் அலைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நக்கலடிப்பார், அடிக்கட்டும் என்றுதான் போனார். அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் அதே மெயில் வந்திருச்சுண்ணே. ஸ்டிக்கர் ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேக்டரியாம். ஒரே ரோல்ல இருந்து வெட்டி ரெண்டு பக்கமும் வித்திருக்கான்” என்றார். இருவரும் டீயைக் குடித்தார்கள். யாருடைய பெட்டி சூடாகாது என்று அன்று பேச்சு வரவில்லை.

அந்த வாரம் பருந்தார் மேனேஜருக்குத் தெரியாமல் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்குப் போன் செய்தார். பாதி எண்கள் இப்போது இல்லை. எடுத்தவர்களில் ஒருவர், “அதுக்கப்புறம் நான் அலைக்கு மாறி, அவனும் இதே மாதிரி கழுத்தறுத்து, மறுபடியும் உங்ககிட்டயே வந்துட்டேன் சார். விடுங்க” என்றார். கடைசிவரை அவர் போன் செய்யாமல் விட்டுவைத்தது தங்கை வீட்டுக்குத்தான். நேரில் போக வேண்டிய விஷயம் அது.

ஞாயிற்றுக்கிழமை, மெயிலைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். பாப்பாவுக்கு இப்போது இருபது வயது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்க்கிறாள், அங்கே அவளுக்கு ‘மூணு தடவை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று தங்கை பெருமையாகச் சொன்னாள். பாப்பா மாமாவுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். தன் டீயைச் சமையலறையிலேயே நின்று குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் ஹாலுக்கு வந்தாள். ஹாலில் டிவி இருந்தது, லேப்டாப் இருந்தது. அவள் எப்போதுமே இப்படித்தான் செய்கிறாள் என்பது பருந்தாருக்கு அன்றுதான் உறைத்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது அத்தனையும் மறந்துபோனது. “பாப்பா, அன்னைக்கு நீ தண்ணி ஊத்தலம்மா. மாமாதான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது. “என்னண்ணா சொல்ற?”

அவர் காகிதத்தை எடுத்து முழுவதையும் படித்துக் காட்டினார். தங்கை மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, “நாலு நாளு புள்ளகிட்ட பேசாம இருந்தேனே” என்றாள்.

பாப்பா காகிதத்தைக் கையில் வாங்கி, எண்களைக்கூட விடாமல் படித்தாள். பிறகு அதை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“மத்தவங்க பெட்டியில அப்படி ஆயிருக்கும் மாமா. நம்ம பெட்டியில நான்தான் ஊத்தினேன்.”

“இல்லம்மா. உள்ள தூசிகூட நனையல. நானே பாத்தேன். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன். பாவி நான்.”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மாமா. சாயங்காலம். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாங்க. பச்சை டம்ளர். பெட்டிக்குப் பின்னாடி ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அதுலதான் ஊத்தினேன். கொஞ்சம் தரையில சிந்துச்சு. அப்புறம் யூனிஃபார்ம் பாவாடையிலயே தொடச்சேன்.”

“பச்சை டம்ளரா?” என்றாள் தங்கை. “நம்ம வீட்டுல பச்சை டம்ளரே இருந்ததில்லையேடி.”

பாப்பா ஒரு நொடி யோசித்தாள். “இருந்துச்சும்மா” என்றாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை.

பருந்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொன்னாலும் இவளுக்குள் போகாது என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பாப்பா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க எவ்வளவு ஆசையா வாங்கிக் குடுத்தீங்க. சின்னப் புள்ள புத்தி, அந்த அலைப் பெட்டி மேல இருந்த கிறுக்குல வேணும்னேதான் பண்ணேன். இத்தனை வருஷம் கழிச்சும் எனக்காகப் பேப்பரெல்லாம் தேடி எடுத்துட்டு வர்றீங்க” என்றாள். “மன்னிச்சிருங்க மாமா.”