சேகர் திருப்பிக் கொடுத்த கத்தி

பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். என்னோடு சேர்ந்து அலைபவன் சேகர். கல்வராயன்மலையில் அலமேலு அக்கா வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான். அக்காவின் இறந்துபோன கணவர் கடைசிவரை மடியில் வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி அங்கே இருந்தது. துரு எடுத்துத் தருவதாகச் சேகர் அதை வாங்கிவந்தான். ஒரு மாதத்தில் திருப்பியும் கொடுத்துவிட்டான்.

பிறகு நான் போனபோது அக்கா அதைக் காட்டினார். விரித்ததுமே இது அந்தக் கத்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. முன்பு நான் பார்த்த கத்தியில் கம்பெனி முத்திரை தேய்ந்து, பாதி எழுத்துதான் தெரியும். இதில் நேற்று அடித்ததுபோல் முழுதாக இருந்தது. பழசாகத் தெரிய ஆசிட் ஊற்றி அலகைக் கறுப்பாக்கியிருந்தார்கள்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து சேகரைக் கேட்டேன்.

"அதுங்களுக்கு இன்னா தெரியப்போவுது? அசலு எப்பவோ வித்துப்போச்சு. நீ வாய மூடிக்கினு இரு" என்றான்.

மறுநாளே மலையேறி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"அந்தாள கூட்டியாந்தது நீங்கதான சார்? உங்களுக்கும் இதுல பங்கு வந்துச்சா?" என்றார்.

இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அந்தக் கத்தியை என் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.